117-ஆம் நம்பர் போல்ட்

குந்தோரோ பேராசிரியர் ஆகிவிட்டார் என்று மார்சுடிக்கு யாரும் வந்து சொல்லவில்லை. பூப்பலகைகள் சொல்லின. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, எதிர்வீட்டு வாசலில் ஆரம்பித்துத் தெருமுனைப் பள்ளிவாசல் வரைக்கும் ஆளுயரப் பலகைகள் வரிசைகட்டி நின்றன. எல்லாவற்றிலும் பூவால் ஒரே வாசகம்: பேராசிரியர் முனைவர் குந்தோரோ அவர்களுக்கு வாழ்த்துகள். மலாங் நகரத்தில் ஒருவர் பெரிய மனிதர் ஆகிவிட்டாரா என்பதைப் பலகைகளை எண்ணித்தான் முடிவு செய்வார்கள். வங்கி ஒன்று அனுப்பும், சிமென்ட் வியாபாரி ஒன்று அனுப்புவார், சம்பந்தி வீட்டார் கடன் பட்டாவது இரண்டு அனுப்புவார்கள்.

மார்சுடி எண்ணினார். ஐம்பத்தெட்டு. தெருமுனைவரை போனவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் எண்ணினார். ஐம்பத்தொன்பது. முதல் தடவை விட்டுப்போனது சாக்கடை ஓரமாகச் சாய்ந்து நின்ற பலகை. அது பொருளறிவியல் துறை அனுப்பியது, அதாவது அவருடைய சொந்தத் துறை. "சக ஊழியர் ஒருவரின் மகிழ்ச்சிக்காக" என்று போன வாரம் ஒரு உறை சுற்றி வந்தது, அவரும் தன் பங்கைப் போட்டிருந்தார். யாருடைய மகிழ்ச்சி என்று கேட்கத் தோன்றவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். மனைவி லஸ்த்ரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?" என்றாள்.

"எது எத்தனை?"

"வண்டியைத் திருப்பிட்டு வந்து எண்ணினீங்களே, அது."

"நான் எதுக்கு அதையெல்லாம் எண்ணப் போறேன்?"

"ஐம்பத்தொன்பது. நான் ஆறு மணிக்கே எண்ணிட்டேன்."

மார்சுடிக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. மனிதர் நல்லவர்தான், ஐந்து வேளை தொழுகிறவர், அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவர். ஆனால் குந்தோரோ விஷயத்தில் மட்டும் அவருக்கு இரைப்பையில் தனியாக ஓர் அடுப்பு இருந்தது.

இருவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. கல்லூரி நாட்களில் ஒரே அறையில் தங்கி, ஒரு தட்டு சோயாத் தெம்பே வறுவலை இரண்டாகப் பங்கிட்டுத் தின்றவர்கள். குந்தோரோவின் புள்ளியியல் கணக்குகளை மார்சுடிதான் போட்டுக் கொடுப்பார். பிறகு இருவரும் கிரி சாஸ்திரா பல்கலைக்கழகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். குந்தோரோ கணக்கியல் துறை, மார்சுடி பொருளறிவியல். போன ஒரே வருடத்தில் குந்தோரோ அறுபத்தொரு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். பொறியியலில் பதினான்கு, பொருளறிவியலில் ஒன்பது, நிதியியலில் பதினாறு, வானவேதியியலில் பத்தொன்பது, கணக்கியலில் மூன்று. சொந்தத் துறையில் மூன்றுதானா என்று யாரும் கேட்கவில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நடுவில் மகளின் கல்யாணத்தை நடத்தியிருந்தார், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு மாதம் படுத்தும் இருந்தார். படுத்திருந்த மாதத்தில் மட்டும் ஒன்பது.

மார்சுடியிடம் இருந்தது ஒரே ஒரு கட்டுரை. தென்கரையில் செண்டாங் பிரு மீன்பிடித் துறைமுகத்தில், படகுத்துறைத் தூண்களில் இருநூற்று நாற்பது போல்ட்களை முடுக்கி, எந்தப் பூச்சு உப்புக்காற்றுக்கு எத்தனை நாள் தாங்குகிறது என்று பதினோரு வருடம் பார்த்து எழுதியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலைப்பாதையில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போவார். பல்கலைக்கழகத்தில் அவருக்குப் "பாக் துரு" என்று பெயர். அங்கே மரியாதைக்குரிய எவரையும் பாக் என்றுதான் அழைப்பார்கள், ஆகவே அது மரியாதையான கேலி.

அந்த இருநூற்று நாற்பதில் 117-ஆம் நம்பர் போல்ட் மட்டும் துருப்பிடிக்க மறுத்தது. மற்றவற்றோடு அதே பூச்சு, அதே கடல். காரணம் தெரிய நான்கு வருடம் ஆயிற்று. ஒருநாள் காலை முழுவதும் அங்கேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தத் தூணில் படகு கட்டும் மீனவர் ஒருவர், படகின் இடுக்குகளுக்குக் குங்கிலியமும் எண்ணெயும் குழைத்துப் பூசிவிட்டு, மிச்சம் ஒட்டிய கையை அந்த போல்ட்டில் துடைத்துவிட்டுப் போவார். வருடக்கணக்காக, அதே கை, அதே போல்ட். மார்சுடி அன்று வீட்டுக்கு வந்து இதை லஸ்த்ரியிடம் நான்கு தடவை சொன்னார். கட்டுரையிலும் ஒன்றரைப் பக்கம் எழுதினார். ஆய்விதழின் மதிப்பீட்டாளர், "மீனவரின் கை ஓர் அளவீடு அல்ல, நீக்கவும்" என்று திருப்பி அனுப்பினார். நீக்கினார். நான்காம் அட்டவணையில் அந்த எண் மட்டும் மிஞ்சியது. கட்டுரை இருபது மாதமாக அந்த ஆய்விதழின் வாசலில் காத்துக் கிடந்தது.

பலகைகளைப் பார்த்த அதே செவ்வாய்க்கிழமை, மார்சுடி பணியாளர் பிரிவுக்குப் போனார். அங்கே இபு நூனிங் என்ற அம்மையார் இருபது வருடமாக எல்லாருடைய பதவி உயர்வுக் கோப்புகளையும் பார்த்து வருகிறவர். துணைவேந்தர்கள் வருவார்கள் போவார்கள், இபு நூனிங் இருப்பார்.

"பேராசிரியர் பதவிக்கு எனக்கு இன்னும் எத்தனை புள்ளி வேணும்?"

இபு நூனிங் கணினியைத் தட்டினார். "நூற்று நாற்பது, பாக். ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை கோப்பு மூடிடும். அதுக்கப்புறம் புது விதி. உங்க வயசுக்கு அந்த விதியில வாய்ப்பே இல்ல."

"என் கட்டுரை பதினோரு வருஷ வேலை."

"வருஷத்துக்குப் புள்ளி இல்ல பாக். கட்டுரைக்குத்தான்."

"அதுல இருக்கிற அளவு ஒவ்வொண்ணும் நானே கையால எடுத்தது. அத்தனையும் உண்மை."

அம்மையார் படிவத்தை மேலிருந்து கீழே பொறுமையாக ஒருமுறை பார்த்தார். "உண்மைக்குன்னு தனியா கட்டம் இல்லையே. 'இதர'ன்னு ஒண்ணு இருக்கு, அதுல போட்டுப் பாக்கட்டுமா? ஆனா அதுக்கு அரைப் புள்ளிதான்."

அன்று மாலை குந்தோரோவே தெருவைத் தாண்டி வந்தார். கையில் விருந்தில் மிஞ்சிய மஞ்சள் சோற்றுப் பொட்டலம். அவருக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. மார்சுடிக்கு அதுதான் மேலும் எரிச்சலாக இருந்தது.

"நீ வரல. அதான் சோறு உன்னைத் தேடி வந்துருச்சு" என்றார் குந்தோரோ. "ஏன்டா மார், இன்னும் தனியாவே எழுதிட்டு இருக்கியா?"

"வேற எப்படி எழுதறது?"

குந்தோரோ அவரை நிஜமான பரிதாபத்தோடு பார்த்தார். "சனிக்கிழமை எங்க வீட்ல சீட்டு. நீயும் வா."

சீட்டு என்றால் என்னவென்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். தெருப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடி ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, குலுக்கலில் யார் பெயர் விழுகிறதோ அவருக்கு மொத்தத்தையும் கொடுப்பார்கள். கண்ணாடி டம்ளரின் வாயில் தாளைக் கட்டி, நடுவில் ஒரு துளை போட்டு, சுருட்டிய பெயர்களை உள்ளே போட்டுக் குலுக்கினால் ஒன்று துள்ளி வெளியே விழும். குந்தோரோ வீட்டுக் கூடத்தில் அதே டம்ளர், அதே துளை. உட்கார்ந்திருந்தது மட்டும் பதினோரு முனைவர்கள். பணத்துக்குப் பதில் ஒருவர் முன்னுரை கொண்டுவந்திருந்தார், ஒருவர் அட்டவணைகள், ஒருவர் வரைபடம், ஒருவர் முடிவுரை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டுரை, சில மாதம் இரண்டு மூன்றும் கட்டுவார்கள். யார் பெயர் விழுகிறதோ அவர் முதல் ஆசிரியர், மற்றவர்கள் பின்னால் வரிசையாக. முடிவுரை எழுதுகிறவருக்கு முன்னுரையைக் காட்டுவதில்லை, காட்டினால் பாரபட்சம் வந்துவிடும் என்றார்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடைய கட்டுரைகளையும் மேற்கோள் காட்டியாக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அடுத்த மாதச் சாப்பாட்டுச் செலவு அவருடையது.

புரவலர் என்ற முறையில் துணைவேந்தர் கார்டோனோவும் வந்திருந்தார். கறுத்த மாட்டிறைச்சிக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு எழுந்து பேசினார்.

"நம்ம பல்கலைக்கழகத்தோட கொள்கை ஐந்து விரல் கொள்கை. பொறியியல் ஒரு விரல், பொருளறிவியல் ஒரு விரல், நிதியியல், கணக்கியல், வானவேதியியல். தனி விரலால என்ன செய்ய முடியும்? மூக்கைத்தான் நோண்டலாம். அஞ்சும் சேர்ந்தாத்தான் பேனா பிடிக்க முடியும். எனக்கு இருநூத்துப் பன்னெண்டு கட்டுரை இருக்கு. ஒண்ணைக்கூட நான் படிச்சதில்ல. ஏன்? தலைவர்னு இருக்கிறவன் தன்னோட எழுத்தைத் தானே ரசிச்சுட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. படிக்கிற வேலையை மத்தவங்களுக்கு விட்டுக் கொடுத்துடணும். அதுதான் பணிவு."

எல்லாரும் கைதட்டினார்கள். மார்சுடி பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். "வானவேதியியல் எதுக்கு? நம்மகிட்ட அந்தத் துறையே இல்லையே."

"அதனாலதான். ஆட்சேபிக்க நாட்ல ஆளே இல்ல."

எழுந்து போய்விடலாமா என்று மார்சுடி நினைத்தார். நினைத்துக்கொண்டே சன்னல் வழியாக வெளியே பார்த்தார். பூக்கடைக்காரர் இன்னும் எடுத்துப் போகாத நாலைந்து பலகைகள் அங்கே நின்றன. ஒன்றில் பூ வாடியிருந்தது, 'பேராசிரியர்' என்ற எழுத்துகள் மட்டும் வாடவில்லை. அவர் தன் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுருட்டி டம்ளருக்குள் போட்டார்.

முதல் குலுக்கலிலேயே அவர் பெயர் துள்ளி விழுந்தது. அந்த மாதம் கட்டி முடித்த கட்டுரையின் தலைப்பு: விண்மீன்களுக்கு இடையே உறைந்திருக்கும் மெத்தனால், ஒரு தேய்மானக் கணக்கியல் பார்வை. முன்னுரையில் பால்வீதியின் தூசுமேகங்கள் இருந்தன. அட்டவணைகளில் சுரபாயாவிலுள்ள ஒரு தளவாடக் கம்பெனியின் ஐந்தாண்டு வரவுசெலவு இருந்தது. இரண்டையும் 'எனவே' என்ற சொல் இணைத்தது. கட்டுரை எட்டு நாளில் ஏற்கப்பட்டது. மார்சுடிக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு விசாரித்ததில் குந்தோரோவுக்கு ஐந்தே நாளில் ஏற்கிறார்கள் என்று தெரிந்து, அன்றைய சாப்பாடு ருசிக்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் பெயர் விழுந்தும் விழாமலும் அவருக்குப் பதின்மூன்று கட்டுரைகள் சேர்ந்தன. எல்லாம் மெத்தனால், எல்லாம் வானம். ஜூலையில் பாத்து மலையில் ஒரு ஹோட்டலில் ஐந்துதுறை சர்வதேச மாநாடு நடந்தது. சிங்கப்பூரிலிருந்து வேறு வேலையாக வந்திருந்த ஒருவர் காலை உணவுக்கு உட்கார்ந்தார், அதனால் சர்வதேசம். ஆளுக்கு ஏழு நிமிடம் பேச்சு. பேச்சுகள் மொத்தமும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தன, சான்றிதழ் கொடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. மார்சுடி தூசுமேகங்களைப் பற்றித் தாளைப் பார்த்து வாசித்து முடித்ததும், "கேள்விகள் உண்டா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள். உண்டாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பின்னால் ஒரு கை உயர்ந்தது. தேநீர்த் தட்டு ஏந்திய கை.

"மெத்தனால் குடிச்சா கண்ணு போயிடும்னு சொல்வாங்க சார்" என்றார் அந்தப் பரிசாரகர். "எங்க மச்சானுக்கே கள்ளச் சாராயத்துல கலந்து போச்சு. மேல அவ்வளவு கிடக்குதுன்னா, அங்க அதை யாரு காய்ச்சுறாங்க?"

இது அவமானமா பெருமையா என்று தெரியாமல் எல்லாரும் துணைவேந்தரைப் பார்த்தார்கள். கார்டோனோ எழுந்து கைதட்டினார். "தொழில்துறையிலிருந்து வந்திருக்கிற கேள்வி" என்று அறிவித்தார். பரிசாரகருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மார்சுடியின் கோப்பில் 'தொழில்துறைத் தொடர்பு' என்று மூன்று புள்ளி ஏறியது. அந்த மாநாட்டிலேயே நியாயமாகப் பேசிய ஆள் அந்தப் பரிசாரகர் ஒருவர்தான் என்று மார்சுடிக்குத் தோன்றியது. கேள்விக்குப் பதில் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசி வாரம் மார்சுடிக்கு ஒரு கடிதம் வந்தது. போல்ட் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தெட்டு மாதங்களுக்குப் பிறகு, அந்தத் துறையிலேயே நல்ல ஆய்விதழ் ஒன்றில். சிறு திருத்தங்களோடு இறுதிப் பிரதியை அனுப்பச் சொன்னார்கள், ஆசிரியர் பெயர்களில் மாற்றம் இருந்தால் அதையும் கூடவே குறிக்கும்படி. மார்சுடி கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு பணியாளர் பிரிவுக்கு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் நிஜமாகவே ஓடினார்.

இபு நூனிங் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இது வேண்டாம் பாக்."

"ஏன்?"

"உங்க கோப்பு வானவேதியியல். பதின்மூணு கட்டுரையும் ஒரே நேர்கோட்டுல போகுது, ரொம்ப அழகா இருக்கு. நடுவுல இந்த போல்ட்டு வந்தா கோடு வளைஞ்சிடும். ஜகார்த்தா அமைச்சகத்துல கேப்பாங்க, வானத்துல இருந்தவர் ஏன் போல்ட்டுப் பக்கம் போனார்னு."

"அம்மா, நான் முப்பது வருஷமா போல்ட்டுலதான் இருக்கேன். வானத்துப் பக்கம்தான் போனேன்."

"படிவத்துல அப்படி இல்லையே." அவர் குரலில் கேலியே இல்லை, அக்கறைதான் இருந்தது. "இன்னொண்ணு, இதுல ஆசிரியர்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. தனியா ஒருத்தர் எழுதினா சந்தேகப்படுவாங்க. கூட வர ஆள் இல்லாத அளவுக்கு என்னத்தை எழுதினார்னு."

"கோப்புல சேர்க்காம விட்டுட்டா?"

"உங்க பேரோட வெளியாச்சுன்னா கணினி தானே இழுத்துப் போட்டுக்கும். அது என் கையில இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிச்சு சொல்லுங்க. பேராசிரியர் ஆகணுமா, இதுல பேர் இருக்கணுமான்னு."

மார்சுடி இரண்டு நாள் யோசித்தார். லஸ்த்ரி ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "பலகையை நான் எண்ணினேன்தான். ஆனா வேணும்னு கேட்கல." எதிர்வீட்டுச் சுவரில் 'பேராசிரியர்' என்று புதிதாகப் பதித்த பித்தளைப் பெயர்ப்பலகை வெயிலில் மின்னியது. காலையில் மின்னியது, மாலையிலும் மின்னியது. பித்தளை மங்குவதற்கு இந்தக் காற்றில் எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அவ்வளவு நாள் காத்திருக்க அவரால் முடியாது.

அந்த மாதச் சீட்டை வியாழக்கிழமைக்கே கூட்டினார்கள். மார்சுடி தன் கட்டுரையைக் கொண்டுபோய் நடுவில் வைத்தார். அது கை மாறி மாறிப் போயிற்று. முழுக் கட்டுரை ஒன்றை அந்தக் கூடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"முன்னுரையும் நீங்க, அட்டவணையும் நீங்களேவா?" என்றார் ஒருவர்.

"ஆமா."

"முடிவுரைகூட முன்னுரையோட ஒத்துப்போகுதே" என்றார் இன்னொருவர், எதையோ கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி.

முதல் ஆசிரியராக வந்தால் மற்றவர்களுக்கும் கோடு வளையும் என்பதால், ஏற்கெனவே பேராசிரியர் ஆகிவிட்ட நான்கு பேரின் பெயர்களை மட்டும் டம்ளரில் போட்டார்கள். பேராசிரியர் ஆனபிறகு கோடு எப்படி வளைந்தாலும் கேட்க ஆளில்லை. மார்சுடி கண்ணை மூடிக்கொண்டார். மற்ற மூவரில் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், அவனுக்கு மட்டும் வேண்டாம் என்று வேண்டினார். அவ்வளவு உருக்கமாக அவர் பதவிக்காகக்கூட வேண்டியதில்லை. டம்ளர் குலுங்கிற்று. சீட்டு துள்ளி அவருடைய முழங்காலிலேயே வந்து விழுந்தது. பிரித்தார். குந்தோரோ.

"எனக்கு அதிர்ஷ்டக் கை" என்று குந்தோரோ சிரித்தார். "போல்ட்டுன்னா நட்டு மாட்டுவாங்களே, அதுதானே மார்?"

ஆசிரியர் வரிசையில் பதினோரு பெயர்கள் போயின. பன்னிரண்டு பேர் இருந்த சீட்டில், மறுநாள் கோப்பு மூடப்போகிற மார்சுடியின் பெயர் ஒன்றுதான் இல்லை.

பதவியேற்பு அடுத்த ஜனவரியில் நடந்தது. வானவேதியியல் பேராசிரியர் மார்சுடி கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மேடையில் நின்று மெத்தனாலைப் பற்றி நாற்பது நிமிடம் வாசித்தார். துணைவேந்தர் அவருக்குப் பதக்கம் அணிவித்துப் பேசினார். "முப்பது வருஷமா துருவையே பார்த்துட்டு இருந்த மனுஷனை நாம ஒரே வருஷத்துல நட்சத்திரத்தைப் பார்க்க வச்சோம். இதுக்குப் பேர்தான் கல்வி." முன்வரிசையில் லஸ்த்ரி புது உடையில், தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தெரு நிறையப் பலகைகள். மார்சுடி அங்கியைக்கூடக் கழற்றாமல் எண்ணினார். அறுபத்தேழு. மறுபடி எண்ணினார், அறுபத்தேழுதான். எட்டு அதிகம். பல வருடங்களாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு அணைந்தது. வந்தவர்களை எல்லாம் சாப்பிடச் சொல்லி உபசரித்தார். வராத சிரிப்பெல்லாம் வந்தது. அப்போது எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு குந்தோரோ பாத்திக் சட்டையில் தெருவைக் கடந்து வந்தார். அவரை முதல்முறையாக எரிச்சல் இல்லாமல் பார்க்க முடிந்தது.

"அறுபத்தேழு" என்றார் மார்சுடி, முந்திக்கொண்டு.

"அப்படியா, நல்லா இருக்கு" என்றார் குந்தோரோ. அவர் தன்னுடையதை எண்ணியதே இல்லை போலிருந்தது. "ஒரு நிமிஷம் ஒதுக்குப்புறமா வாயேன். ஒரு கடிதாசு வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல."

இரண்டு பலகைகளுக்கு நடுவே நின்று மார்சுடி கடிதத்தைப் பிரித்தார். கோடு போட்ட பள்ளிக்கூடத் தாள், நீல மை. சுலாவேசிக்கு வடக்கே ஒரு சின்னத் தீவின் படகுத்துறையைப் பராமரிக்கும் யொஹானிஸ் என்பவர் எழுதியிருந்தார். மரியாதைக்குரிய பாக் குந்தோரோ அவர்களுக்கு. எங்கள் படகுத்துறை இரண்டு தடவை இடிந்துவிட்டது. இரண்டாவது தடவை ஏழு பேர் தண்ணீரில் விழுந்தார்கள், என் தங்கையும் அதில் ஒருத்தி, பிழைத்துக்கொண்டாள். காரணம் கேட்டு எழுதாத இடமில்லை. உங்கள் கட்டுரை கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் படித்தேன். இப்போதுதான் எங்கள் தப்பு என்னவென்று புரிகிறது. ஐயா, இதை எழுதியவர் கடலோரத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிகிறது. ஒரு சந்தேகம். நான்காம் அட்டவணையில் 117-ஆம் நம்பர் மட்டும் பதினோரு வருடம் கழித்தும் புதுசாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்தீர்கள்? அடுத்த மாதம் மறுபடி கட்டப்போகிறோம்.

மார்சுடி இரண்டாம் தடவை படித்தார். மூன்றாம் தடவை முதல் வரியில் இருந்த பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அச்சுப் பிழைன்னு எழுதிடட்டுமா?" என்றார் குந்தோரோ.

எழுது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். குந்தோரோவுக்கு ஒன்றும் தெரியாது என்று உலகத்தில் ஒரே ஒரு தீவுக்காவது தெரிந்திருக்கும். அந்த ஆசை மார்சுடிக்கு வந்தது, தொண்டைவரை வந்தது.

"பேனா குடு" என்றார்.

தாள் இல்லை. தன்னுடைய பதவியேற்பு அழைப்பிதழ்களின் பின்பக்கத்தில், பூப்பலகை ஒன்றின் முதுகில் வைத்து எழுதினார். குங்கிலியம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எப்படிக் குழைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பூசுவது. அந்த மீனவர் எந்தக் கையால் துடைப்பார் என்பதைக்கூட எழுதினார். மதிப்பீட்டாளர் வெட்டச் சொன்ன ஒன்றரைப் பக்கம் வரிக்கு வரி அவருக்கு நினைவிருந்தது. விருந்தாளிகள் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். லஸ்த்ரி வந்து எட்டிப் பார்த்தாள், அழைப்பிதழையும் நீல மைக் கடிதத்தையும் பார்த்தாள், திரும்பிப் போய், "கொஞ்சம் வேலையா இருக்காரு" என்று எல்லாருக்கும் சொன்னாள்.

எட்டு அழைப்பிதழ்கள் ஆயின. குந்தோரோ எடை பார்ப்பவர்போல அவற்றைக் கையில் வாங்கினார். "இவ்வளவா? சரி, வீட்ல உட்கார்ந்து என் கையெழுத்துல காப்பி பண்ணி அனுப்பிடறேன்."

"அளவையெல்லாம் மாத்திடாதே."

"மாத்த எனக்கு என்னடா தெரியும்?"

"குந்தோரோ" என்றார் மார்சுடி. முப்பத்தைந்து வருடத்தில் அவர் அந்த மனிதரிடம் எதையும் கேட்டதில்லை. "பதிலை நீயே உன் பேர்ல அனுப்பு. அந்தக் கடிதாசை மட்டும் நான் வச்சுக்கட்டுமா?"

குந்தோரோ தயங்கினார். கெட்ட மனம் அவருக்கு என்றைக்குமே கிடையாது. உண்மையிலேயே சங்கடப்பட்டார்.

"வேற எதையாவது கேளேன் மார். இபு நூனிங்கிட்ட விசாரிச்சுட்டேன், வாசகர் கடிதத்துக்கு ரெண்டு புள்ளி உண்டாம். அசல்தான் வேணுமாம்."

கடிதத்தைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனார். பூக்கடை வண்டி அப்போதே வந்துவிட்டது, மறுநாள் வேறு ஒருவருக்குப் பதவியேற்பு. ஆட்கள் ஒவ்வொரு பலகையாகச் சாய்த்து, மார்சுடியின் பெயரை எழுத்து எழுத்தாகப் பிய்த்துப் பூக்கூடையில் போட்டார்கள். 'பேராசிரியர்' என்பதை மட்டும் அப்படியே விட்டார்கள். மார்சுடி அதைப் பார்க்கவில்லை. குந்தோரோவின் வீட்டை, பதவியை, பித்தளைப் பலகையை, ஐந்து நாளில் ஏற்கப்படும் கட்டுரைகளை எல்லாம் பார்த்துப் பொறாமைப்பட்டவர், கறுப்பு அங்கியும் பதக்கமுமாகத் தெருவின் நடுவில் நின்று, தூரத்தில் போய்க்கொண்டிருந்த அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.